அவருக்குக் காற்று ஆகாது

இன்று காலை ஜாடியின் மூடியைத் திறந்ததும் அந்த நாற்றம் வந்தது. நாள்பட்ட சீழும் ஊறிப்போன முட்டைக்கோஸும் கலந்த நாற்றம். உனக்கும் எனக்கும் இருபத்தாறு வருஷம் சோறு போட்ட நாற்றம். பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பெண்களும் முகக்கவசத்தின் மேல் கையையும் வைத்துப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்கள். "எந்தொரு நாற்றமா சேச்சீ!" என்று ஒருத்தி அங்கிருந்து மலையாளத்தில் கத்தினாள். நான் ஓடவில்லை. எதையும் முகர்ந்து பார்க்கக் கூடாது என்று சுவரில் புதிதாக ஒட்டியிருக்கும் அறிவிப்புக்கு நேர் கீழே நின்று, நன்றாக ஒருமுறை மூச்சை இழுத்தேன். நீ இருந்திருந்தால் அந்த அறிவிப்பைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "நாம எங்கடி மோந்தோம்? அதுவா வந்து மூக்குல ஏறித்துன்னா நாம என்ன பண்றது?"

"அவர் வந்திருக்கார்" என்று வாய்விட்டே சொன்னேன். ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. உன்னிடம்தான் சொன்னேன்.

விழிஞ்ஞத்தில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற ஒருவருடைய தாடைச் சீழ் அது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி மூன்று மாதம் கழித்துத் தாடைக்குக் கீழே கல்லாக ஒரு வீக்கம். தோலில் சின்னதாக ஓர் ஓட்டை, அதிலிருந்து விட்டுவிட்டுக் கசிவு. புற்று என்று சந்தேகம் வந்து, தாடையெலும்பை எடுக்க வேண்டியிருக்கும் என்பது வரை பேச்சு போய்விட்டது. ஐந்தாம் நாளே இளம் டாக்டரம்மா வந்து ஜாடியின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். "சேச்சி, அஞ்சு திவசமாயில்லே? ஒன்னும் வளர்ந்நில்ல. க்ளோஸ் செய்யாம்" என்றாள், முடித்துவிடலாம் என்று. "பதினாலு திவசம்" என்றேன். ஏழாம் நாள் மறுபடி வந்தாள். மறுபடி அதையே சொன்னேன். உன் குரலில்தான் சொன்னேன், என் குரலுக்கு அத்தனை அதிகாரம் ஏது?

இன்று பத்தாம் நாள். தட்டில் வெள்ளையாக, சொரசொரப்பாக, குட்டிக் கடைவாய்ப் பற்களாக ஆறேழு உட்கார்ந்திருக்கின்றன. வாயில் குடியிருக்கிற கிருமி தட்டில் வளரும்போதும் பல்லின் வடிவத்திலேயே வளர்வதைப் பார்த்து நீ சிரிக்காத நாள் இல்லை. நானும் சிரித்தேன். அதற்கப்புறம்தான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ கரமனை அக்ரகாரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவாய். நான் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து மலையிறங்கி வந்து விடுதியில் தங்கியிருந்தேன். அந்தக் கூடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான். ஆனாலும் முதல் ஒரு வாரம் மலையாளத்தில்தான் பேசிக்கொண்டோம். உன் தமிழ் எனக்கும் என் தமிழ் உனக்கும் அவ்வளவு தூரமாகப் பட்டது. இரண்டாவது வாரம் ஒரு மாட்டு இதயம் வந்து நம்மைச் சேர்த்து வைத்தது.

காற்று ஆகாத கிருமிகளை வளர்க்க அன்றெல்லாம் உணவை நாமேதான் காய்ச்ச வேண்டும். மாட்டு இதயத்தைக் கொத்தி, வேகவைத்து, உலர்த்தி, அதன் சாறோடு சின்னக் குப்பிகளில் அடைத்தால், அடியில் கிடக்கிற கறித்துணுக்குகளுக்கு இடையே காற்றே எட்டாத இடம் கிடைக்கும். அங்கே இவர்கள் வளர்வார்கள். சந்தையிலிருந்து இதயம் வந்து மேசையில் இறங்கியதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன்னைப் பார்க்க அவர்களுக்குக் கூச்சம். நீ புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "கத்தியைக் குடு" என்றாய்.

"ஏட்டி, நீ தொடலாமா?" என்று கேட்டேன். அதுதான் நான் உன்னிடம் பேசிய முதல் தமிழ்.

"ஏன், எனக்குக் கை இல்லையா? நீ கறி திங்கறவ. பாதி வேகறதுக்குள்ள உனக்குப் பசி வந்துடும். இதுக்குப் பதம் பாக்கறதுக்குப் பசிக்காத ஆளாத்தான் வேணும், கேட்டியா?"

கொழுப்பைத் துளிகூட விடாமல் அரித்தெடுத்தாய். வெந்த கொத்துக்கறியை வடிதாளின் மேல், மொட்டைமாடியில் வடாம் காயப்போடுகிற ஒழுங்கோடு பரப்பினாய். அன்றிலிருந்து அது உன் வேலையாயிற்று, யாரும் சொல்லாமலே. வீட்டுக்குப் போனதும் கொல்லைக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவாய். ஆஸ்பத்திரிக் கிருமி உன் குழந்தைக்கு ஒட்டக் கூடாது என்பதற்காக. உன் மாமியார் அதை ஆசாரம் என்று நினைத்து அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டார். நீயும் மறுக்கவில்லை. "நல்ல பேரு தானா வர்றச்சே அதை ஏன் துரத்தணும்?" என்றாய்.

அந்தக் கிருமிக் கூட்டத்திலேயே ஒருத்தரை மட்டும் நீ "அவர்" என்பாய். ஆக்டினோமைசிஸ் என்று அவருக்குப் பெயர். உங்கள் தெருவில் உன் அம்மா காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்களாம். நீ உன் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாய், அந்த மரியாதையை எல்லாம் கிருமிக்குக் கொடுத்தாய். "அவர் எல்லார் வாயிலயும் இருக்கார்டி. உன் வாயில, என் வாயில, சூப்பரெண்டு வாயில. பல் இடுக்குல காத்து படாம ஒதுங்கிண்டு, ஒரு தொந்தரவு கிடையாது. நாமளா பல்லைப் பிடுங்கி வழி பண்ணிக் குடுத்தாத்தான் உள்ளே போவார்."

உள்ளே போனால் அவரைப் போலப் பொறுமைசாலி கிடையாது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நகர்வார். சதை என்றும் எலும்பு என்றும் அவர் பார்ப்பதில்லை. சுற்றிலும் தழும்பு கட்டி இறுகிப்போகும், தொட்டால் கல், வலியும் அதிகம் இருக்காது. பிறகு தோலைத் துளைத்துக்கொண்டு ரவை அளவுக்கு மஞ்சள் மணிகளை வெளியே அனுப்புவார். அவற்றுக்குக் கந்தக மணி என்று பெயர், கந்தகம் துளியும் கிடையாது. தனியாகவும் வர மாட்டார், கூடவே நாலைந்து கூட்டாளிகள் வருவார்கள், நாற்றமெல்லாம் அவர்களுடையது. நுண்ணோக்கியில் கிளைகிளையாக ஊதா நூல். அதைப் பார்த்துவிட்டு முன்னோர்கள் பூஞ்சை என்றே முடிவுகட்டியிருந்தார்கள். ஆனால் சாதாரண பென்சிலினுக்கு அடங்கிவிடுவார். மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கத்தியே வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடிய நோய். அதற்கு முதலில் அவர் இருக்கிறார் என்று ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதில்தான் நான் தவறினேன். உனக்கு மறந்திருக்காது.

காற்றை வெளியேற்றும் ஜாடியில் பல நோயாளிகளின் தட்டுகளை ஒன்றாக அடுக்குவது வழக்கம். மற்றவர்கள் இரண்டு நாளில் வளர்ந்துவிடுவார்கள், அதற்காக மூடியைத் திறப்போம். திறக்கிற ஒவ்வொரு முறையும் அவர் மேல் காற்று படும், அவர் வளராமல் சுருண்டு கிடப்பார். அதனால் சந்தேகம் இருக்கிற தட்டுக்கு நீ இன்னொரு ஜாடியில் தனிக்குடித்தனம் கொடுப்பாய். பத்து நாளைக்கு முன்னால் தொட மாட்டாய், பதினாலு நாளைக்கு முன்னால் விட மாட்டாய். நீ கொலுவுக்காக லீவில் போயிருந்த வாரம், ஒரே ஒரு தட்டுக்கு ஒரு முழு ஜாடியா என்று எனக்குத் தோன்றியது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் தட்டு அது. கூட்டத்தோடு அடுக்கினேன். மூன்று முறை திறந்தேன். ஆறாம் நாள் "வளர்ச்சி இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டு, தட்டைக் கழுவப் போட்டேன்.

அந்த அம்மாவின் தாடைக்கு ஆபரேஷன் தேதி குறித்தார்கள்.

நீ திரும்பி வந்ததும் முதலில் இன்குபேட்டரின் பின்வரிசையில் கையை விட்டாய். லீவுக்குப் போகுமுன் அந்தச் சீழில் ஒரு துளியை இறைச்சிக் குப்பியிலும் போட்டுவைத்திருந்தாய். எல்லா மாதிரிக்கும் அப்படி ஒரு குப்பி வைப்பது உன் பழக்கம். தெளிந்த சாறின் அடியில் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று திரண்டிருந்தது. சாயமேற்றிப் பார்த்தாய். என்னையும் பார்க்கச் சொன்னாய். ஊதா நூல், கிளைகிளையாக.

"எழுது" என்றாய்.

"முந்தைய அறிக்கையில் தவறு நேர்ந்துவிட்டது" என்று ஆரம்பித்தேன். நீ பேனாவைப் பிடித்து நிறுத்தினாய்.

"தவறு தானா நேர்ந்துதா? யாரோ பண்ணினாப்பல எழுதாதே. நான் பண்ணினேன்னு எழுது. அப்பதான் அடுத்த தடவை கை ஜாக்கிரதையா இருக்கும்."

எழுதினேன். நானே வார்டுக்குக் கொண்டுபோனேன். சர்ஜன் நாலு பேர் முன்னால் என்னைக் கிழித்து எடுத்தார். நீ ஒரு வார்த்தை எனக்காகப் பரிந்து பேசவில்லை, ஆனால் அவர் முடிக்கிற வரைக்கும் என் பக்கத்திலேயே நின்றாய். மத்தியானம் உன் புளியோதரையில் பெரிய பாதி எனக்கு வந்தது. ஆறு மாதம் கழித்து அந்த ஆசிரியை தன் முழுத் தாடையோடு வந்து நம் இருவரிடமும் அரைமணி நேரம் வாய் ஓயாமல் பேசிவிட்டுப் போனார். அவருக்கு என் தப்பு தெரியும், நான் எழுதியதை அவர் படித்திருந்தார். அப்படியும் என் கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் போனார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் நீ வந்து, கழுத்தைச் சாய்த்து, என் விரலை எடுத்து உன் இடது தாடைக்குக் கீழே வைத்தாய். கல்லாக இருந்தது. "ஏண்டி, அவர் எங்காத்துக்கே வந்துட்டார் போலிருக்கே" என்று சிரித்தாய். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் பல் பிடுங்கியிருந்தாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்? அவராக இருந்தால் பென்சிலின் போதும். அவர் இல்லையென்றால் என்ன என்பது நம் இருவருக்கும் தெரியும், அதை நாம் பேசவில்லை.

முதல் பயாப்ஸியில் எடுத்த சதை போதவில்லை, ஒன்றும் சொல்ல முடியாது என்று வந்தது. இரண்டாவது பயாப்ஸிக்கு இரண்டு வாரம் கழித்து நாள் கொடுத்தார்கள். அந்த இரண்டு வாரமும் நம்முடையது. ஊசியில் எடுத்ததை ஒரு துளிக் காற்றுப் படாமல் நானே ஓடிக் கொண்டுவந்தேன். ஒரு தட்டு, ஒரு குப்பி. தட்டுக்குத் தனி ஜாடி. உள்ளே வைத்த நீலப் பட்டை வெளுத்து, காற்று முழுக்கப் போய்விட்டது என்று காட்டுகிற வரை அங்கேயே நின்றேன். ஒரு கிருமி வளர வேண்டும் என்று முழங்காலில் நின்று ஜெபித்தவள் இந்தத் திருவனந்தபுரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பத்தாம் நாள் திறந்தேன். ஒன்றுமில்லை. மூடினேன். பதினாலாம் நாள் நான் திறக்கவில்லை. காலையிலிருந்து வேறு வேலைகளைத் தேடித்தேடிச் செய்துகொண்டிருந்தேன். லீவில் இருந்த நீ, கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பதினொரு மணிக்கு வந்து நின்றாய்.

"இன்னும் ஒரு வாரம் வைக்கேன்" என்றேன். "பல்லு புடுங்கினப்ப மாத்திரை தின்னிருக்கேல்ல? அதுல அவரு மெதுவாத்தான் வருவாரு. பாத்துக்கிடலாம், விடு."

"ஊருக்கெல்லாம் பதினாலு, எனக்கு மட்டும் இருபத்தொண்ணா? தொறடி."

திறந்தேன். நாற்றமே இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, அந்த நாற்றத்துக்காக நான் ஏங்கி, குனிந்து, மூக்கைத் தட்டின் மேலேயே வைத்தேன். தட்டில் ஊற்றிய அகர்க் கூழின் வாசனை மட்டும். நீ என் தோளைப் பிடித்து நிமிர்த்தினாய்.

"எழுது."

பதிவேட்டில் தட்டுக்கு நேரே "வளர்ச்சி இல்லை" என்று எழுதினேன். எழுத்து மேலும் கீழும் போயிற்று. "என்னடி இது, கோழி கிளறினாப்பல?" என்றாய். பிறகு பேனாவை வாங்கி, "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் நீயே கையெழுத்துப் போட்டாய். உன் எழுத்து எப்போதும் போல வரிசையாக, குண்டுகுண்டாக இருந்தது. பதிவேட்டை மூடிவிட்டு, "காப்பி வாங்கித் தா" என்றாய். வாங்கித் தந்தேன். இரண்டாவது பயாப்ஸி புற்று என்றது. கொஞ்சமும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னது.

தட்டுக்கு எழுதினேன். குப்பிக்கு எழுதவில்லை. அடுத்த வரியில் "குப்பி" என்று போட்டு, எதிரே காலியாக விட்டேன். அதை இன்குபேட்டரின் பின்வரிசையில், கடைசி மூலையில் வைத்தேன். உனக்கு ஆபரேஷன் நடந்த அன்று காலையிலும் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அவர் வளர்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? பயாப்ஸியே சொல்லிவிட்ட பிறகு அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது, எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பார்த்தேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் விட்டிருப்பேனா? இன்குபேட்டர் உன் அப்பன் வீட்டு அலமாரியா என்று கேட்டிருப்பேன்.

உனக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கடைசியாக உன்னைக் கரமனை வீட்டில் பார்த்தபோது உனக்குப் பேச வராது. மடியில் நோட்டு வைத்திருந்தாய். நான் ஆய்வுக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லி உன்னைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நீ நோட்டை இழுத்து எழுதினாய்: "குப்பியைத் தூக்கிப் போட்டியா?"

"அதெல்லாம் அன்னைக்கே போட்டாச்சு" என்றேன்.

நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். நோட்டை மூடினாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே கதை சொல் என்று ஜாடை காட்டினாய். இருபத்தாறு வருஷத்தில் நான் உன்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான், அதையும் நீ நம்பவில்லை.

இன்று விழிஞ்ஞத்துக்காரரின் முடிவைத் தட்டச்சு செய்து முடித்ததும் டாக்டரம்மா ஓடி வந்தாள். புதிதாக வந்திருக்கிற இயந்திரம் கிருமியின் பெயரை ஐந்தே நிமிஷத்தில் சொல்லிவிடும், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் வளர்கிற வரை அந்த இயந்திரமும் என்னைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அவளிடம் சொன்னேன். அவள் தட்டைப் பார்த்தாள், அறிவிப்பைப் பார்த்தாள், பிறகு சட்டென்று குனிந்து தானும் ஒருமுறை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இந்த வாசனைக்கு இனி அவளுக்கு என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

வராந்தாவில் அந்த மீனவரின் மனைவி காத்திருந்தார். வாடியிருந்தார். பத்து நாளாகத் தினமும் விழிஞ்ஞத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அதே பெஞ்சில் உட்காருகிறவர். விஷயத்தை டாக்டர் சொல்வதுதான் முறை, அதனால் டாக்டரம்மாவையும் கையோடு கூட்டிப்போனேன். அந்த அம்மா அவளை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டார். "சேச்சி, முறிக்கணோ?" வெட்ட வேண்டுமா என்று.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான் தலையசைத்தேன். "வேண்டா சேச்சி. மருந்நு மதி" என்றாள் அவள், மருந்தே போதும் என்று. அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்தபடியே என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன். கூடவே உன்மேல் கோபமும் வந்தது. இதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டாமா?

உள்ளே வந்து, மீனவருடைய குப்பியை எடுக்கப் பின்வரிசையில் கையை விட்டேன். விரலில் முதலில் தட்டுப்பட்டது உன்னுடையது. இரண்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அவருடையதில் அடியில் பஞ்சு திரண்டிருக்கிறது. உன்னுடையதில் சாறு, வைத்த அன்று எப்படியோ அப்படியே தெளிவாக இருக்கிறது. நான்தான் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன்.

உன்னுடையதைக் கிருமி கொல்லும் கொதிகலத்தில் வைத்து மூடினேன், விசில் வரும் வரை நின்றேன். பிறகு பழைய பதிவேட்டை அலமாரியிலிருந்து இறக்கி, உன் குண்டுக் கையெழுத்துக்குக் கீழே காலியாகக் கிடந்த அந்த வரியில் எழுதினேன்: "குப்பி. வளர்ச்சி இல்லை. இத்தனை நாள் தாமதித்தது நான்."

யாரோ பண்ணினாற்போல எழுதவில்லை. எழுத்தும் நேராகத்தான் வந்திருக்கிறது, ஒரு கோழியும் கிளறவில்லை. வேண்டுமானால் வந்து பார்.